முப்பிடாதிக்குக் குடுக்காத கசாயம்

எழுதிக்கோம்மா. மொத வரியா இத எழுதிக்கோ. முப்பிடாதிங்கிற அந்தப் பிள்ள என் கசாயத்த ஒரு சொட்டு கூடக் குடிக்கல. குடிச்சிருந்தா ஆசுபத்திரி வாசலையே மிதிச்சிருக்க மாட்டா. இத எழுதிட்டு நீ என்ன வேணா கேளு. நான் எதுக்கும் பயந்தவ இல்ல.

உக்காரு, ஏன் நிக்க? அந்த நாற்காலி ஆடும், இதுல இரு. காப்பி போடட்டா? வேண்டாமா, சரி. நீ சித்த வைத்தியக் காலேஜுல படிக்கன்னு எதுத்த வீட்டுக்காரி சொன்னா. கல்லடைப்புக்கு ஊருல யாரு யாரு என்னென்ன குடிக்காங்க, அதுல நெசம் எம்புட்டுன்னு ஆராய்ச்சி பண்ணுதியாமே. நல்ல காரியம். ஆனா ஆராய்ச்சின்னு வந்துட்டா ரெண்டு பக்கமும் கேக்கணும் பாத்துக்கோ. 'சண்முகத்தாய் காட்டுச் செடியக் காய்ச்சிக் குடுத்து ஒரு கொமருப் பிள்ளைக்குக் கிட்னியக் கெடுத்துட்டா'ன்னு டவுன் பூராவும் பேச்சு. நீயும் அதக் கேட்டுட்டுத்தான் வந்திருப்ப. இல்லன்னு தலைய ஆட்டாத, உன் மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.

கடை பேர மட்டும் கேக்காத. அந்தக் கடை உப்பத் தின்னு வளந்தவ நான், சொல்ல மாட்டேன். பெரிய துணிக்கடை, பல மாடி. நான் பட்டுச் செக்சன்ல நின்னவ. வீட்டுக்காரரு லாரியோட போயி லாரியோடயே முடிஞ்ச பெறவு அங்க சேந்தேன். காலைல கடை திறக்கையில நின்னா ராத்திரி கடை சாத்துத வரைக்கும் நின்ன காலுதான். உக்காந்தா சீட்டைக் கிழிச்சிருவான். நின்னு நின்னுதான் சூப்பர்வைசரா வந்தேன். யாரு காலையும் பிடிச்சு வரல.

எனக்கே கல்லு வந்துதான் இந்த மருந்து எனக்குத் தெரியும். ஒரு ஆடித் தள்ளுபடி சமயம். ஒரு கல்யாண வீட்டுக் கூட்டத்துக்குச் சேலைய விரிச்சுக் காட்டிக்கிட்டு இருக்கேன், விலாவுக்குக் கீழ ஒரு குத்து குத்துச்சு பாரு. பிள்ளைப் பேறு வலி எம்புட்டோ தேவலை. விரிச்ச சேலை மேலயே விழுந்துட்டேன். ஸ்கேன் எடுத்துப் பாத்துட்டு டாக்டரு சொல்லுதாரு, 'சின்னக் கல்லுதாம்மா, தண்ணி நல்லாக் குடிச்சா தானா வந்துரும்.' தண்ணி குடின்னு சொல்லுததுக்கு ஒரு டாக்டரு, அதுக்கு ஒரு பீசு. நான் அந்தச் சீட்ட அங்கனயே போட்டுட்டு வந்துட்டேன்.

அம்மா வீடு கடையம் பக்கம். அங்க ஒரு வைத்தியரு இருந்தாரு. அவருதான் பக்குவம் சொன்னாரு. சிறுபீளை, அதான் பொங்கலுக்கு வீட்டு நடையில செருகுவோம்லா, அந்தப் பூவுச் செடி. வேரோட பிடுங்கணும். அதோட நெருஞ்சி முள்ளு, மாவிலங்கப் பட்டை. தட்டிப் போட்டு, பாதியா வத்தக் காய்ச்சி, வெறும் வயித்துல ஒரு செம்பு. மத்தியானத்துக்கு மேல ஒரு செம்பு. மருந்து இம்புட்டுத்தான். ஆனா பத்தியம்னு ஒண்ணு உண்டு, அதுலதான் அவரு ரொம்பக் கண்டிப்பு. கசாயம் குடிச்ச அன்னைக்கெல்லாம் தண்ணிய வயிறு முட்டக் குடிக்கணும். ஒண்ணுக்கு வந்தா ஒரு நிமிசம் அடக்கக் கூடாது. அடக்கினா மருந்து திரும்பி அடிச்சிரும்னாரு. லீவு போட்டு அம்மா வீட்டுலயே கெடந்து, அவரு சொன்னது பிசகாம இருந்தேன். ஒரு நாள் காலைல 'டிங்'குன்னு விழுந்துட்டு. கடுகு தண்டிதான் இருக்கும், அதுக்கு என்ன ஆட்டம் ஆடிட்டு. மாத்திரை டப்பாவுல இன்னும் வச்சிருக்கேன், எடுத்துட்டு வரவா? சரி, போகும்போது பாரு. ஆராய்ச்சிக்குக் கேட்டாலும் குடுக்க மாட்டேன், அது எங்கிட்டயே இருக்கட்டும்.

என்ன கேட்ட? கசாயத்துல கல்லு கரைஞ்சுதா, இல்ல டாக்டரு சொன்ன மாதிரி தானா வந்துதாங்கியா? ஏம்மா, டாக்டரு சொன்னது எதையுமே நான் செய்யலங்கேன். சீட்டையே தூரப் போட்டுட்டு வந்துட்டேன்னு இப்பம்தான சொன்னேன்.

சரி, கடைக்கு வாரேன். அங்க பிள்ளைகளுக்கு இந்த நோவு வரது ஒண்ணும் அதிசயம் இல்ல. வயசுப் பிள்ளைக, உடம்பப் பேணத் தெரியாது. தண்ணியே குடிக்க மாட்டாளுவ. நானே எத்தனையோ மட்டம் ஏசியிருக்கேன், 'ஏட்டி, தண்ணி குடிங்க, மூஞ்சி வாடிப் போயி நின்னா யாரு சேலை வாங்குவா'ன்னு. கேக்க மாட்டாளுவ. ஏன் குடிக்க மாட்டாளுவன்னா கேக்க? கட்டைக்குப் பயந்துதான்.

கட்டை தெரியாதுல்லா உனக்கு. ஒரு மாடிக்கு ஒரு கட்டை. உள்ளங்கை அளவு மரக்கட்டை, நூல் கோத்து சூப்பர்வைசர் மேசையில கெடக்கும். யாருக்கு ஒண்ணுக்குப் போகணுமோ அவ வந்து கட்டைய வாங்கிக் கழுத்துல போட்டுக்கிட்டு மொட்டை மாடிக்குப் போவா. அங்கதான் கக்கூசு. லிப்டு, துணி வாங்க வாரவங்களுக்கு; பிள்ளைகளுக்குப் படிதான். அவ இறங்கி வந்து கட்டையக் குடுத்த பெறவுதான் அடுத்தவ போகணும். சீசன் நேரத்துல சாயங்காலம் கூட்டம் நெரிக்கும், அப்பம் கட்டைய எடுத்து டிராயர்ல போட்டுப் பூட்டிருவேன். என்ன அப்படிப் பாக்க? நான் கொண்டு வந்த சட்டமா அது? எனக்கு முந்தியே உள்ளது. நானும் அந்தக் கட்டைக்கு நின்னவதான். அடக்கி அடக்கி எனக்குப் பழகிப் போச்சு, அம்புட்டுத்தான். கட்டை இல்லன்னா மொட்டை மாடியில ஒரு சந்தையே கூடியிருக்கும். போனை நோண்டிக்கிட்டு நிப்பாளுவ.

இப்பம் எழுதிக்கோ, நல்ல விசயம் வருது. ஜெபமணின்னு ஒருத்தி, சுடிதார் செக்சன். துடிச்சுப் போயி விழுந்தா. ஸ்கேன் எடுத்தா கல்லு. அழுதுகிட்டு நின்னா, ஆப்பரேசன்னு சொல்லிருவாங்களோன்னு. நான்தான் சொன்னேன், 'ஏட்டி, நான் இருக்கேன், அழாத.' ஊருக்குப் போயி ஒரு சாக்குச் செடி பிடுங்கிட்டு வந்தேன், என் கைக்காசு போட்டு. கடைப் பிள்ளைக தங்குத விடுதி அடுப்புலயே காய்ச்சுனேன். காய்ச்சி, செம்புல ஊத்தி, கையில குடுத்தேன். குடுக்கும்போதே பத்தியத்தச் சொல்லிட்டேன். தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கணும், வந்தா உடனே போகணும், கட்டை வேண்டாம், எங்கிட்டக் கேக்கவும் வேண்டாம்.

இது சின்ன முதலாளி காதுக்குப் போயிட்டு. அவரு என்னைய ரூமுக்குக் கூப்பிட்டு, நான் சம்பளம் குடுக்கது துணி விக்கவா, மாடிப்படி ஏறி இறங்கவான்னு கேட்டாரு. கடையில அவரு மூஞ்சிக்கு நேரா நின்னு பேச ஒரு ஆம்பளைக்குத் தைரியம் கெடையாது. நான் பேசுனேன். இத அப்படியே எழுதிக்கோ.

"மருந்துன்னா பத்தியம் உண்டு ஐயா. பத்தியத்த மீறி ஒரு பிள்ளைக்கு ஏதும் ஆனா பழி என் தலையில விழும். மருந்து குடிக்கிற பிள்ள நெனச்ச நேரம் போகும். அது ஆகாதுன்னா நாளைக்கே என் கணக்க முடிச்சு அனுப்பிருங்க."

பெறவு அவரு, அந்தப் பிள்ள லீவு கேக்காம வேலைக்கு நின்னா சரின்னுட்டாரு. பாத்தியா, மருந்துக்காக நான் வேலையவே பணயம் வச்சவ. என்னையத்தான் இன்னைக்குப் பிள்ளைகளக் கொன்னுபோடப் பாத்தான்னு சொல்லுதாங்க.

ஜெபமணிக்கு கல்லு போச்சு. திரும்ப ஸ்கேன் எடுத்தா சுத்தமா இல்ல. அடுத்து ஒருத்தி, அவளுக்கும் போச்சு. குடிச்சவளுக்கெல்லாம் போச்சும்மா. கல்லு மட்டும் இல்ல, நீர்க்கடுப்பு, இடுப்பு வலி, தலைசுத்து எல்லாம் போச்சு. மூஞ்சியில ஒரு தெளிச்சி வந்துட்டு. குடிக்காதவளுவ மூஞ்சி வாடி, உதடு வெடிச்சு நிப்பாளுவ. ஒரே சோறு, ஒரே விடுதி, ஒரே வேலை. கசாயம் ஒண்ணுதான் வித்தியாசம். இதுக்கு மேல ஆதாரம் என்ன வேணும்? உங்க காலேஜுல எலிக்குக் குடுத்துப் பாத்திருக்காங்க, எலிக்குக் கல்லு குறையுது, ஆனா மனுசங்கள வச்சு ஒழுங்காப் பாத்தது ரொம்பக் கொறச்சல்னு நீயே வாசல்ல வச்சுச் சொன்ன. எலியெல்லாம் எதுக்கு? நான் மனுசங்களையே வச்சுல்லா பாத்திருக்கேன்.

ஆனா ஒரு தொல்லை வந்துட்டு. ஒருத்திக்குக் குணமானதப் பாத்துட்டு எல்லாவளும் இடுப்பப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்க ஆரம்பிச்சுட்டாளுவ. 'அக்கா எனக்கும் குத்துது', 'அக்கா எனக்கும் கசாயம்.' அந்தக் கசப்புக்கு அப்படி ஒரு போட்டி. இருந்தாப்புல பாத்தா எங்க மாடியில பாதிப் பேரு கசாயக்காரி. செக்சன்ல ஆள் இல்ல. சின்ன முதலாளி கேமராவுல பாத்துட்டு ஒரே சத்தம்.

எனக்கும் உறுத்துச்சு. நோய் இல்லாதவளுக்கு மருந்து குடுக்கது பாவம். நான் என்ன சந்தையில மருந்து விக்கிறவளா, வந்தவளுக்கெல்லாம் ஊத்திக் குடுக்க? அதனால ஒரு முறை வச்சேன். ஸ்கேன்ல கல்லுன்னு இருந்தா கசாயம். இல்லன்னா கெடையாது. இந்த யோசனை என்னோடதுதான், முதலாளி சொன்னதில்ல. நீங்கல்லாம் ஆதாரம் ஆதாரம்னு சொல்லுதியளே, படிக்காதவ நானே அத வச்சுட்டேன். அன்னைக்கே கூட்டம் கலைஞ்சுட்டு. நடிச்சவளுவல்லாம் செக்சனுக்கு ஓடிட்டாளுவ.

முப்பிடாதி ஓடல. அவ ஆலங்குளத்துப் பக்கத்துக்காரி, அம்மா பீடி சுத்துதவ. குழந்தைத் துணிச் செக்சன்ல நின்னா. நல்ல பிள்ளதான், நான் இல்லன்னு சொல்லல. எந்நேரமும் சிரிச்ச மூஞ்சி. அழுத குழந்தையக் கூட ஒரு சட்டையக் காட்டிச் சிரிக்க வச்சிருவா. அவதான் வந்தா, ஒண்ணுக்குப் போனா எரியுதுக்கா, நெருப்பா எரியுதுன்னு. ஸ்கேன் எடுத்துட்டு வாட்டின்னேன். எடுத்துட்டு வந்தா. கல்லு இல்ல. சுத்தமா இருக்குன்னு போட்டிருக்கு. நானே கண்ணாடியப் போட்டுக்கிட்டுப் பாத்தேன்.

'கல்லு இல்லாதவளுக்குக் கல்லு மருந்து எதுக்குட்டி'ன்னேன். எரிச்சல் வேற, கல்லு வேற, இளநி வாங்கிக் குடின்னேன். 'இளநி குடிச்சா ஒண்ணுக்குப் போகணும்லாக்கா'ங்கா. அப்பம் கட்டைக்கு நில்லுன்னேன், எல்லாரும் நிக்கலையா. அவ போகல. மேசை ஓரத்தப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

"கல்லு வந்தாத்தான் குடுப்பியளாக்கா?"

"ஆமா."

"அப்பம் வரட்டும்."

சிரிச்சுக்கிட்டுத்தான் சொன்னா. எனக்குக் கோவம் வந்துட்டு, என்ன திமிரு பாரு. அன்னையில இருந்து அவ தண்ணியே குடிக்கல. மத்தியானச் சோத்துக்குக் கூட தொண்டைய நனைக்க மட்டும்தான் குடிப்பா. தக்காளி விதையில கல்லு வரும்னு யாரோ சொன்னாங்கன்னு மத்தவ தட்டுல கெடக்கிற தக்காளிய எல்லாம் பொறுக்கித் தின்னுவா. ஏட்டி, என்ன பண்ணுதன்னு நான் ஏசுனா, 'எனக்குக் கல்லு வேணும்க்கா'ங்கா. எல்லாவளும் சிரிப்பாளுவ. நானும் கூடச் சிரிச்சேன்னு வையி. கல்லு வேணும்னு கேக்கிற ஒரு பிள்ளைய நீ எங்கயாவது பாத்திருக்கியா? விளையாட்டுப் புத்தி.

இடையில இன்னொரு மட்டம் ஸ்கேன் எடுத்துட்டு வந்தா. அப்பமும் இல்ல. அந்தச் சீட்டைப் பாத்துட்டு அழுதா. கல்லு இல்லன்னு ஸ்கேன்ல வந்ததுக்கு அழுதவ அவ ஒருத்திதான். நான் மனசு இளகல. இன்னைக்கு ஒருத்திக்கு இளகினா நாளைக்கு எல்லாவளும் நிப்பா.

தீவாளிக் கூட்டம். அத ஏன் கேக்க, டவுன் பூராவும் எங்க கடைக்குள்ளதான். கட்டைய மத்தியானமே டிராயர்ல போட்டுப் பூட்டிட்டேன், மேல இருந்து உத்தரவு. கசாயக்காரி பிள்ளைக மட்டும் போகும் வரும். மத்தவளுவ அவங்களப் பாத்துக்கிட்டு நிப்பாளுவ. முப்பிடாதிக்குக் காய்ச்சல்னு எனக்குத் தெரியாது. யாருமே சொல்லல. ஒரு சின்னப் பிள்ளைக்குக் கவுனு போட்டுப் பாத்துக்கிட்டு இருந்தவ, அப்படியே நடுங்குனா. பல்லு கிட்டிட்டு. அந்தப் பிள்ளையப் பிடிச்சிருந்த கைய விடாமலே சரிஞ்சுட்டா. நான்தான் ஓடிப் போயித் தூக்குனேன். உடம்பு அனலாக் கொதிக்குது. பாவாடையெல்லாம் நனைஞ்சிட்டு. அந்த மயக்கத்துலயும் என் கையப் பிடிச்சுக்கிட்டு, 'தெரியாமப் போயிட்டுக்கா, தெரியாமப் போயிட்டு'ன்னா. முந்தானைய விரிச்சு அவள மூடுனேன். நான் ஒண்ணும் கல்லு இல்லம்மா.

பெரியாசுபத்திரியில சேத்தாங்க. கிருமி மேல ஏறி ரெண்டு கிட்னியவும் பிடிச்சுட்டுன்னு சொன்னாங்க. ரொம்பப் பிந்திட்டுன்னாங்க. உயிரு பிழைச்சது பெரிசு. ஆனா ஒரு பக்கம் சுருங்கிட்டாம், இனிமே அது முழுசா வேலை செய்யாதாம். ஸ்கேன்ல கல்லு உண்டான்னு நான் அந்த டாக்டர்கிட்டயே கேட்டேன். இல்லன்னாரு. பாத்தியா, அப்பமும் கல்லு இல்ல. நான் சொன்னதுதான் சரி. கல்லு மருந்து அவளுக்குத் தேவையே இல்ல.

பாக்கப் போனேன். போகாம இருப்பேனா. அப்பம்தான் மனசு கேக்காம, போகட்டும்னு ஒரு தூக்குப் போணியில கசாயமும் கொண்டு போனேன். நர்சு கசாயத்த உள்ள விடல, வெளியவே வாங்கி வச்சுட்டா. முப்பிடாதி கட்டில்ல கெடந்தா. டியூப் போட்டிருந்தாங்க, ஒண்ணுக்குப் போற டியூப். பக்கத்துல பை தொங்குது. என்னையப் பாத்ததும் அவளுக்குச் சிரிப்பு வருது, அந்த நிலமையிலயும். கிட்ட வரச் சொல்லி, மெதுவாச் சொல்லுதா.

"இங்க யாரிட்டயும் கேக்க வேண்டாம்க்கா. தானாப் போயிருது."

காய்ச்சல் வேகத்துல உளறுதான்னு நான் நெத்தியத் தடவிக் குடுத்துட்டு வந்துட்டேன். வீட்டுக்கு வந்து ஏனோ அழுகையா வந்துது. அவ அப்படிக் கெடந்தா, அவளப் பெத்த மனசு இல்லன்னாலும் மனசுதானே.

நான் வீட்டுல அழுதுகிட்டு இருக்கேன், அங்க சின்ன முதலாளி காரியத்த முடிச்சுட்டாரு. பிள்ளையோட அப்பன் கடையில வந்து நின்னு கேட்டிருக்கான். இவரு கூசாமச் சொல்லியிருக்காரு, 'எங்க சூப்பர்வைசர் எங்களுக்குத் தெரியாம ஏதோ செடி கொடியக் காய்ச்சிக் குடுத்திருக்கா, அதுல வந்த வினை.' அன்னைக்கே என் சீட்டைக் கிழிச்சுட்டாங்க. விடுதியில இருந்த செடி, பானை, அகப்பை எல்லாத்தையும் தூக்கி வெளிய எறிஞ்சு, இனி யாரும் கசாயம் குடிக்கக் கூடாதுன்னு போர்டு எழுதிப் போட்டுட்டாங்க. கட்டை? கட்டை கெடக்கு. அது எங்க போவும்? கசாயம் நின்னுட்டு, இப்பம் எல்லாரும் கட்டைக்குத்தான் நிக்காளுவ.

அவ அப்பன் என் வாசலுக்கே வந்துட்டான். மண்ண வாரித் தூத்தி, நீ விளங்க மாட்டன்னு சாபம் விட்டான். தெருவே வேடிக்கை பாக்குது. நான் கதவச் சாத்திக்கிட்டு உள்ள இருக்கல. விளக்குமாத்த எடுத்துட்டு வந்து அவன் தூத்துன மண்ண அவன் கண்ணு முன்னாலயே கூட்டித் தள்ளுனேன். 'உன் மவ ஒரு சொட்டு குடிச்சான்னு சொல்லச் சொல்லு, நான் இந்த மண்ணையே திங்கேன்'னேன். அவன் தலையில அடிச்சுக்கிட்டுப் போயிட்டான். அவனும் என்ன செய்வான், பெத்தவன்.

இப்பம் தொழிலாளர் ஆபீசுல இருந்து விசாரிக்காங்க. வர திங்கக்கிழமை நான் போகணும். கசாயத்துல விசம் இல்லன்னு சொல்ல எனக்கு ஆளு வேணும்லா. குணமான பிள்ளைகதான் சாட்சி. விடுதி வாசல்ல காத்துக் கெடந்து ஜெபமணியப் பிடிச்சேன். 'ஏட்டி, வந்து சொல்லு, என் கசாயம் குடிச்சுத்தான் உனக்குக் கல்லு போச்சுன்னு சொல்லு'ன்னேன். அவ தரையப் பாத்துக்கிட்டு நின்னா. அவ சொன்னத உங்கிட்டச் சொல்லுதேன், நான் எதையும் மறைக்கிறவ இல்ல.

"கோவிச்சுக்காதீங்கக்கா. நாங்க யாருமே அதக் குடிக்கல. ஒரு நாள் வாயில வச்சேன், குமட்டிட்டு. பெறவு கை கழுவுற தொட்டியில ஊத்திருவோம். செம்பு மட்டும்தான் உங்க கண்ணு முன்னால தூக்குவோம்."

'ஏட்டி, எல்லாவளுமா?'ன்னு கேட்டேன். எல்லாரும்தான்க்கான்னா. தண்ணி மட்டும் குடிச்சோம்க்கா, போகணும்னு தோணினா போனோம், அது போதும்னு இருந்துதுங்கா.

பச்சைப் பொய். சின்ன முதலாளிக்குப் பயந்து சொல்லுதா, வேலை போயிரும்னு. நான் அப்பமே அவ மூஞ்சியில அடிச்ச மாதிரிக் கேட்டேன். 'கசாயம் குடிக்கலன்னா பெறவு எப்படிட்டி உனக்குக் கல்லு போச்சு? சும்மா தண்ணியக் குடிச்சுட்டு, நெனச்ச நேரம் ஒண்ணுக்குப் போனா கல்லு போயிருமா? மூஞ்சி தெளிஞ்சிருமா?' அவ கண்ணு கலங்கிட்டு உள்ள போயிட்டா.

நீ ஏம்மா தலைய ஆட்டுத?

போகுமா? சின்னக் கல்லு அதுக்கே போகுமா? அடக்காம இருந்தா அந்தக் கிருமியும் ஏறியிருக்காதா? அப்படின்னா என்ன சொல்லுத நீ, நான் பத்தியத்தத்தான் குடுத்திருக்கேன், மருந்தக் குடுக்கலங்கியா? ஏம்மா, அது ஒரு மருந்தா? தண்ணி குடிக்கது, ஒண்ணுக்குப் போறது. ஆடு மாட்டுக்கு உள்ளது. அதுக்குப் போயி ஒரு வைத்தியரு வேணுமா, ஒரு பக்குவம் வேணுமா, சாக்குச் செடி வேணுமா? அதத்தான் நான் குடுத்தேன்னா, அது என் கையில இருந்து குடுக்கிற சாமானே இல்லையே. அது அவளுவகிட்டயே இருந்ததுதானே.

சும்மா இரு, ஒண்ணும் சொல்லாத. நீ காலேஜுல படிச்சத எங்கிட்டச் சொல்லாத. நான் கண்ணால பாத்தவ. குடிச்சவளுக்கெல்லாம் குணமாச்சு. குடிக்காதவதான் ஆசுபத்திரியில கெடக்கா. திங்கக்கிழமை அந்த ஆபீசர் முன்னால போயி நான் நிமிந்து நின்னு சொல்லத்தான் போறேன். சின்ன முதலாளி பக்கத்துல இருக்கட்டும், அவ அப்பனும் இருக்கட்டும். எனக்கு யாரு பயமும் இல்ல. என் மேல ஒரு தப்பும் இல்ல. ஏன் எழுதாம இருக்க? எழுது. முப்பிடாதி கேட்டா. மேசையப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டா, சிரிச்சுக் கேட்டா, அழுதும் கேட்டா. நான் குடுக்கல. அவ விழுத வரைக்கும் குடுக்கவே இல்ல.